கடைக் கணக்கும் கைப்பிடி மண்ணும்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'கூலியும் நிலமும்'. நான் ஒரு கடையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கடைன்னா நம்ம ஊர் மளிகைக் கடை இல்லை. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் வேவ் ஹில் என்று ஒரு மாட்டுப் பண்ணை. அந்தப் பண்ணைக்கென்று இருந்த கடை. ஏன் அவ்வளவு தூரம் போறேன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு.

எங்க அப்பாயி பண்ணையாள். கீழத் தஞ்சையில் ஒரு மிராசுதார் பண்ணையில் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த மனுஷி. காசைக் கையில வாங்கிப் பார்த்தது ரொம்பக் கொஞ்சம். கூலி நெல்லாத்தான் வரும். சாகிற வரைக்கும் அப்பாயி ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அந்தப் பண்ணையில் ரெண்டு மரக்கால் இருந்துச்சாம். களத்துல அளந்து உள்ள எடுத்துக்கிட்டுப் போறதுக்குப் பெரிய மரக்கால். நமக்கு அளந்து போடுறதுக்குச் சின்ன மரக்கால். "ரெண்டும் மரக்கால்தான்டா, எது எதுன்னு காரியக்காரருக்குத்தான் தெரியும்" என்று சொல்லும்.

அளக்கிற பாத்திரம் எவன் கையில் இருக்கு என்பது எனக்கு அப்போதிருந்து ஒரு கேள்வி. வேவ் ஹில் கடையைப் பற்றிப் படித்தபோது அந்த மரக்கால் அங்கேயும் இருந்தது. அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் பெரிய மாட்டுப் பண்ணையை 'ஸ்டேஷன்' என்பார்கள். ரயில் நிற்கிற இடம் இல்லை. ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் புல்வெளி, நடுவில் மேலாளர் வீடு, தொழுவம், பட்டறை, கடை. அவ்வளவுதான். பக்கத்து ஊர் என்பது அப்போது பல நாள் பயணத்தில் இருந்தது. விக்டோரியா ஆறு ஓடுகிற அந்தப் பகுதி குரிண்ட்ஜி என்னும் பூர்வகுடி மக்களின் நிலம். அவர்களோடு அண்டைக் குடிகளும் வாழ்ந்தார்கள். ஆற்றில் மீன், காட்டில் கங்காரு, உடும்பு, கிழங்கு. பெண்கள் காட்டுப்புல்லின் விதையைச் சேகரித்துக் கல்லில் அரைத்து மாவாக்கி அடை சுட்டார்கள். மாவு என்பது அவர்களுக்குக் கடைச் சரக்கே இல்லை. இதை மனசில் வையுங்கள்.

1883ல் நாதனியேல் புக்கானன் என்ற வெள்ளைக்காரர் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டு மாடுகளை ஓட்டி வந்தார். எடுத்துக்கொண்டார் என்றால் அரசாங்கத்திடம் குத்தகை வாங்கினார். அந்த அரசாங்கம் யாரிடம் வாங்கியது என்று யாரும் கேட்கவில்லை. மாடு வந்தவுடன் என்ன ஆச்சு? நீர்நிலைகளை மாடு மிதித்துச் சேறாக்கியது. புல்லை மேய்ந்துவிட்டது. புல் போனால் விதை போச்சு. விதை போனால் மாவு போச்சு. குடிக்கிற தண்ணீருக்கே போட்டி. பசித்தவன் மாட்டை ஈட்டியால் குத்தித் தின்றான். அதற்குப் பதில் துப்பாக்கியால் வந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் நடந்த கொலைகளைக் குரிண்ட்ஜி மக்கள் இன்றும் இடம் காட்டிச் சொல்கிறார்கள்.

துப்பாக்கிக்குப் பிறகுதான் கடை வருகிறது. இந்த வரிசை முக்கியம். முதலில் சோற்றை அழிப்பது. பிறகு சோறு போடுவது. சோறு போட்டவனை எசமான் என்று கும்பிட வைப்பது. நம்ம ஊரில் குளத்தை, புறம்போக்கை, மேய்ச்சல் தரையை வளைத்துவிட்டு "எங்க பண்ணையை நம்பித்தானே இத்தனை குடும்பம் பிழைக்குது" என்பார்கள் இல்லையா, அந்தப் பேச்சு அங்கேயும் அப்படியே இருந்தது.

1914ல் வேவ் ஹில் பண்ணையை வெஸ்டி என்ற ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது. லிவர்பூலைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர், வில்லியம், எட்மண்ட். இறைச்சி வியாபாரிகள். இவர்களைச் சின்னப் பண்ணையார்களாக நினைக்காதீர்கள். குளிர்பதனக் கிடங்கு இவர்களுடையது. இறைச்சி ஏற்றுகிற புளூ ஸ்டார் கப்பல்கள் இவர்களுடையவை. இங்கிலாந்துத் தெருக்களில் இறைச்சி விற்கிற கடைகளும் இவர்களுடையவை. மாடு பிறக்கிற புல்வெளியிலிருந்து லண்டன்காரன் தட்டு வரைக்கும் ஒரே கம்பெனி. அண்ணன் வில்லியம் 1922ல் பிரபுவானார். அதற்குப் பிறகு 'லார்டு வெஸ்டி'.

இவ்வளவு பெரிய சங்கிலியின் ஒரு முனையில் லண்டன் இறைச்சிக் கடை. மறுமுனையில் வேவ் ஹில் ஸ்டோர். இரண்டும் கடைதான். லண்டன் கடையில் காசு வாங்கிக்கொண்டு இறைச்சி கொடுப்பார்கள். வேவ் ஹில் கடையில் உழைப்பை வாங்கிக்கொண்டு மாவு கொடுப்பார்கள். அங்கே விலை எழுதியிருக்கும். இங்கே விலை எவனுக்கும் தெரியாது.

கடைக்குள் என்ன இருந்தது? மாவு மூட்டை, சர்க்கரை மூட்டை, தேயிலைப் பெட்டி, உப்பு, ஜாம் டின், கட்டிப் புகையிலை. சட்டை, கால்சட்டை, தொப்பி, பூட்ஸ், கம்பளி. லாடம், ஆணி, கயிறு, சேணத்துக்குத் தோல், மண்ணெண்ணெய். இந்தச் சரக்கெல்லாம் ஆற்று முகத்துவாரம் வழியாகப் படகில் வந்து, பிறகு கழுதை வண்டியில் பண்ணைக்குப் போகும். உள்நாட்டுப் பண்ணைகள் பலவற்றுக்கு ஒட்டகத்தில் சரக்குக் கொண்டுபோனவர்கள் 'ஆப்கானி' என்று அழைக்கப்பட்ட ஒட்டகக்காரர்கள். அவர்களில் பலர் பலுசிஸ்தான், பெஷாவர், பஞ்சாப் என்று அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து போனவர்கள். எசமான் ஒருத்தனே என்பதால் சாம்ராஜ்யத்தின் ஒரு மூலைக்காரனை இன்னொரு மூலையில் சுமக்க வைக்க முடிந்தது.

கடைச் சாவி மேலாளரிடமோ கடைக் கணக்கரிடமோ இருக்கும். பண்ணையில் மாடு ஓட்டியவர்கள் குரிண்ட்ஜி ஆண்கள். குதிரை ஏறி மந்தை மடக்குவது, குறி சுடுவது, வேலி போடுவது, கிணறு காப்பது எல்லாம் அவர்கள். சமையல், துணி துவைப்பது, தோட்டம், மேலாளர் பிள்ளையைத் தூக்கிச் சுமப்பது எல்லாம் அவர்கள் வீட்டுப் பெண்கள். இவர்கள் இல்லாமல் ஒருநாள் கூட அந்தப் பண்ணை ஓடியிருக்காது. இவர்களுக்குக் கடையிலிருந்து வந்தது மாவு, சர்க்கரை, தேயிலை, புகையிலை. மாடு அடித்தால் நல்ல கறி பெரிய வீட்டுக்கு. மாட்டுத் தலை, கால், எலும்பு இவர்களுக்கு. தாங்களே பிடித்து, தாங்களே வெட்டிய மாட்டில்! செத்த மாட்டைத் தூக்குவது நம்ம வேலை, தலையும் குடலும் நம்ம பங்கு என்று ஆக்கிவைத்த ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்ப ஒரு தோழர் கேக்கலாம். ரேஷன் குடுத்தாங்க, துணி குடுத்தாங்க, வயசானவங்களுக்கும் போட்டாங்க, அது ஒரு நல்லது தானேன்னு. வெள்ளைக்காரப் பண்ணை முதலாளிகளும் இதையே சொன்னார்கள். சட்டமும் அவர்களுக்காக இதையே சொன்னது. 1933ல் வந்த விதிப்படி, வடக்குப் பிரதேசப் பண்ணையில் வேலை செய்கிற பூர்வகுடிக்கு வாரம் 5 ஷில்லிங் கூலி. அதிலும் ஒரு ஓட்டை. அவனுடைய சொந்தபந்தங்களைப் பண்ணை பராமரிக்கிறது என்று காட்டிவிட்டால் அந்த 5 ஷில்லிங்கும் கொடுக்கத் தேவையில்லை. பராமரிக்கிறது என்றால் கடையிலிருந்து மாவு போடுகிறது. அதாவது கிழவிக்குப் போட்ட ரெண்டு கை மாவு, பேரனுடைய கூலியை விழுங்கிவிடும். மாவுக்கு என்ன விலை, எத்தனை பேருக்குப் போட்டான், யார் பார்த்தது? கணக்கு நோட்டு கடையில் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவன் ஒருத்தன், எழுதுகிறவனும் அவனே.

1940களின் மத்தியில் மானுடவியலாளர்களான ரொனால்டு பெர்ண்ட், கேத்தரின் பெர்ண்ட் தம்பதியரை வெஸ்டி கம்பெனியே தன் பண்ணைகளில் ஆய்வு செய்ய வைத்தது. ஆள் குறைந்துகொண்டு போகிறது, ஆளை எப்படிப் பெருக்குவது என்பது கம்பெனியின் கவலை. அவர்கள் பார்த்து எழுதியதோ வேறு. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சட்டத்துக்கு விரோதமாக வேலை செய்கிறார்கள். ரேஷன் போதாது. குடியிருப்பு மோசம். கழிவு அகற்ற வசதியில்லை. நல்ல குடிநீர் இல்லை. பெண்கள் மீது பாலியல் வன்முறை நடக்கிறது. ரேஷனுக்காகவும் துணிக்காகவும் பெண்கள் உடலைக் கொடுக்கும்படி ஆக்கப்படுகிறார்கள். அந்த ஆய்வு முழுப் புத்தகமாக வெளியானது 1987ல்.

தோழர்களே, இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கூலி காசாக வராமல் சாமானாக வரும்போது, சாமானுக்குச் சாவி வைத்திருப்பவன் பெண்ணிடம் எதையும் கேட்கலாம். கம்பளி வேணுமா, சர்க்கரை வேணுமா என்று கேட்கிற இடத்தில் அவன் நிற்கிறான். கடை வாசலில் ஆணுக்கு ஒரு அவமானம், பெண்ணுக்கு இரண்டு அவமானம். கூலிப் போராட்ட வரலாறு எழுதுகிற நம்ம ஆண் தோழர்கள் பல நேரம் முதல் அவமானத்தை மட்டும்தான் எழுதுகிறார்கள்.

அப்புறம் சட்டம் மாறியது. மாறியது என்றுதான் சொன்னார்கள். 1951ல் வடக்குப் பிரதேசப் பண்ணைத் தொழிலாளர்களுக்கான கூலித் தீர்ப்பில் பூர்வகுடிகள் சேர்க்கப்படவே இல்லை. அவர்களுக்குத் தனிச் சட்டம். 1959ல் அமலுக்கு வந்த விதிப்படி மாடு ஓட்டுகிற பூர்வகுடிக்கு வாரம் 2 பவுண்டு 8 ஷில்லிங் 3 பென்ஸ். வெள்ளைத் தொழிலாளி கூலிக்குப் பக்கத்தில் கூட வராது. அதே காலத்தில் முதியோர் பென்ஷனும் பூர்வகுடிகளுக்கு வர ஆரம்பித்தது. ஆனால் பண்ணையில் இருக்கிறவர்களுக்கான பணம் பண்ணை நிர்வாகத்திடம் போனது. அவர்கள் 'பராமரிப்புக்கு' என்று பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு கைச்செலவுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். அரசாங்கப் பணம் உள்ளே வந்தும் கடையைத் தாண்டி ஆள் கைக்கு வரவில்லை.

இன்னொன்று. மழைக்காலத்தில் அங்கே மாட்டு வேலை நடக்காது. வேலை இல்லை என்றால் ரேஷனும் சுருங்கும். மக்கள் காட்டுக்குப் போவார்கள். தங்கள் சடங்குகளை நடத்துவார்கள், வேட்டையாடுவார்கள், கிழங்கு தோண்டுவார்கள். மழை முடிந்ததும் பண்ணைக்குத் திரும்புவார்கள். கம்பெனிக்கு இது எவ்வளவு லாபம் பாருங்கள். வேலை இருக்கிற மாதங்களில் மாவு. வேலை இல்லாத மாதங்களில் அந்த மக்களின் சொந்த நிலமே அவர்களுக்குச் சோறு போட்டுக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் அந்த மழை மாதங்களில்தான் நிலத்தைப் பற்றிய அறிவு, பாட்டு, உறவுமுறை எல்லாம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கடை இல்லாமல் வாழ முடியும் என்ற ஞாபகம் அழியாமல் இருந்தது. கம்பெனி மிச்சம் பிடித்த ரேஷன் பின்னாடி கம்பெனிக்கே எதிரியாக வந்தது.

கடை இல்லாமல் வாழ்ந்து காட்டியவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் 1946 மே 1 அன்று சுமார் 800 பூர்வகுடிப் பண்ணைத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். டூலி பின் பின், கிளான்சி மெக்கென்னா என்ற இரண்டு பூர்வகுடித் தலைவர்கள், டான் மெக்லியோடு என்ற வெள்ளைத் தோழர் சேர்ந்து கட்டிய போராட்டம். எழுதப் படிக்கத் தெரியாத ஆட்கள், பண்ணைக்குப் பண்ணை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம். எப்படி ஒரே நாளில் வெளியேறுவது? நாள் நாளாக அடித்துக்கொண்டு வருகிற மாதிரி காலண்டர் செய்து ரகசியமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வெளியே வந்த பிறகு சோற்றுக்கு? கங்காருத் தோல் விற்றார்கள். முத்துச் சிப்பி எடுத்தார்கள். மண்ணைச் சலித்துத் தகரத் தாது பொறுக்கினார்கள். மூன்று வருஷம் தாக்குப் பிடித்தார்கள். பலர் பழைய பண்ணைக்குத் திரும்பவே இல்லை.

இனி 1966. வடக்கு ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கம் சம கூலி கேட்டு நடுவர் ஆணையத்துக்குப் போனது. பண்ணை முதலாளிகளுக்காக வாதாடியவர் ஜான் கெர் என்ற வழக்கறிஞர். இந்தப் பெயர் பின்னால் திரும்ப வரும். பூர்வகுடிகள் வேலையில் மெதுவானவர்கள், சம கூலி கொடுத்தால் அவர்களுக்கே வேலை போய்விடும் என்பது முதலாளிகள் தரப்பு. 1966 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. சம கூலி உண்டு. எப்போதிலிருந்து? 1968 டிசம்பர் 1 முதல். ஏறத்தாழ மூன்று வருஷம் பொறு என்றார்கள். முதலாளிகளுக்கு அவகாசம் வேண்டுமாம்.

மே மாதம் நியூகாசில் வாட்டர்ஸ் பண்ணையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வேவ் ஹில்லில் வின்சென்ட் லிங்கியாரி என்ற மாடு ஓட்டுபவர் மக்களின் மூத்தவர். அவர் வேலையில் அடிபட்டு டார்வின் மருத்துவமனைக்குப் போனபோது டெக்ஸ்டர் டேனியல்ஸ் என்ற பூர்வகுடித் தொழிற்சங்க அமைப்பாளரைச் சந்தித்தார். திரும்பி வந்தார். 1966 ஆகஸ்ட் 23 அன்று சுமார் 200 பேர் எழுந்து நடந்தார்கள். மாடு ஓட்டுபவர்கள் மட்டும் இல்லை. சமையலறைப் பெண்கள், கிழவர்கள், பிள்ளைகள் எல்லோரும். போய் விக்டோரியா ஆற்றுப் படுகையில் தங்கினார்கள்.

பண்ணை நிர்வாகம் என்ன நினைத்திருக்கும்? மாவு தீர்ந்தால் வந்துவிடுவான். அதுதானே இத்தனை வருஷப் பழக்கம். இங்கேதான் அந்தக் கடையின் பலம் உடைகிறது. பிரையன் மானிங் என்ற டார்வின் துறைமுகத் தொழிலாளி, கம்யூனிஸ்ட். அவரிடம் ஒரு பழைய பெட்ஃபோர்டு லாரி இருந்தது. மாவும் சாமானும் ஏற்றிக்கொண்டு அவரும் டெக்ஸ்டர் டேனியல்ஸும் பூர்வகுடி நடிகரான ராபர்ட் டுடவாலியும் டார்வினிலிருந்து பல நூறு கிலோமீட்டர் மண் ரோட்டில் போனார்கள். பிறகும் அந்த லாரி பல முறை போனது. துறைமுகத் தொழிலாளர்களும் மற்ற சங்கங்களும் பணம் திரட்டினார்கள். 'ஆப்ஸ்கால்' என்று ஒரு மாணவர் அமைப்பு, பூர்வகுடி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது, பின்னால் குரிண்ட்ஜி நிலத்துக்காகப் பிரச்சாரம் செய்தது. மிச்சத்தை ஆறும் காடும் கொடுத்தன.

இங்கே இருக்கிற மாணவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். வேலைநிறுத்தம் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது கோஷமும் கொடியும். ஆனால் பத்தாவது நாள் அடுப்பு எரியுமா என்பதுதான் போராட்டம் நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த லாரி பேசவில்லை, தலைமை தாங்க வரவில்லை. மாவு கொண்டு வந்தது. தலைமை லிங்கியாரியிடமும் அவருடைய மக்களிடமும் இருந்தது. ஆதரவு தர வருகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இது.

1967ல் குரிண்ட்ஜி மக்கள் வாட்டி கிரீக் என்ற ஓடைக்கரைக்குப் போய்க் குடியேறினார்கள். அவர்கள் மொழியில் டகுராகு. அந்த ஆண்டு ஏப்ரலில் கவர்னர் ஜெனரலுக்கு ஒரு மனு. அதில் கேட்டது நிலம். சுமார் 1,295 சதுர கிலோமீட்டர், எங்கள் நிலம், திருப்பிக் கொடு என்று கேட்டார்கள். கூலி கேட்டு வந்தவன் என்று நினைத்தவர்களுக்கு அதிர்ச்சி. மனு நிராகரிக்கப்பட்டது. அரசாங்கம் வேறொரு தந்திரம் செய்தது. வேவ் ஹில் நலத்துறைக் குடியிருப்பில் வீடு கட்டியது. அங்கே வந்தால் வீடு, வசதி. டகுராகுவில் இருந்தால் எதுவும் கிடையாது. கம்பெனிக் கடை போய் அரசாங்கக் கடை வந்தது. மக்கள் டகுராகுவை விடவில்லை.

ஏன் நிலம் கேட்டார்கள்? இதுதான் என் பேச்சின் மையம். 1968 டிசம்பர் 1 அன்று சம கூலி அமலுக்கு வந்தது. நல்ல செய்திதானே? பல பண்ணைகள் என்ன செய்தன தெரியுமா? கூலி கொடுக்க வேண்டும் என்றால் ஆளே வேண்டாம் என்று முடிவு செய்தன. ஹெலிகாப்டர், வேலி, லாரி வந்தன. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்த குடும்பங்களை வெளியே போ என்றார்கள். ஊர் ஓரங்களில் தகரக் கொட்டகைகளில் போய் விழுந்தார்கள். முதலாளிகள் ஆணையத்தில் சொன்னதை அவர்களே நிறைவேற்றிக் காட்டினார்கள். பராமரிக்கிறோம் என்று முப்பது வருஷம் கூலியை விழுங்கியவர்கள், கூலி கொடுக்கச் சொன்னவுடன் பராமரிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடை யாரைக் காப்பாற்ற இருந்தது என்பது அன்றைக்குத் தெரிந்துபோச்சு. கூலியை மட்டும் வென்றவன் கையில் காசோடு ரோட்டில் நின்றான். நிலத்தில் போய் உட்கார்ந்தவனுக்கு நிற்க இடம் இருந்தது.

அதே 1968 டிசம்பர். அதே மாதம் 25ஆம் தேதி இரவு நம்ம கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கேட்டது அரைப்படி நெல். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே நிலத்தைப் பிடுங்கியது வெளியிலிருந்து வந்த காலனியக் குடியேற்றம். இங்கே நிலம் இல்லாமல் வைத்திருப்பது சாதி. அவர்களுக்குத் தங்கள் நிலம் எது என்று காட்ட மலையும் ஓடையும் பாட்டும் இருந்தன. நமக்கு 1892 பஞ்சமி நிலப் பதிவேடு இருந்தும், காட்டப் போனால் அடி விழுகிறது. வேறுபாட்டை மறந்து கட்டிப்பிடிப்பது தோழமை ஆகாது. ஆனால் அளக்கிறவன் புத்தி ரெண்டு இடத்திலும் ஒண்ணுதான். கூடுதலாக ஒரு பிடி கேட்டவனை அவன் பிச்சை கேட்டவனாகப் பார்க்கவில்லை. மரக்காலைப் பிடுங்க வந்தவனாகத்தான் பார்த்தான். அந்த விஷயத்தில் அவனுக்கு நம்மைவிடத் தெளிவு.

1975 ஆகஸ்ட் 16. பிரதமர் காஃப் விட்லம் டகுராகுவுக்கு வந்தார். குனிந்து சிவப்பு மண்ணை அள்ளி லிங்கியாரியின் உள்ளங்கையில் கொட்டினார். மெர்வின் பிஷப் என்ற பூர்வகுடிப் புகைப்படக்காரர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. சுமார் 3,236 சதுர கிலோமீட்டர் நிலம் குத்தகையாகக் கிடைத்தது. அந்தப் படத்தை நான் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கையைத்தான் பார்க்கிறேன். அது எத்தனை வருஷம் கடை வாசலில் மாவுக்கு நீண்ட கை! ஒன்பது வருஷம் நீட்டாமல் வைத்திருந்ததால் அதில் மண் விழுந்தது. விட்லம் பெரிய மனசு என்று மட்டும் படத்தைப் படிப்பவர்கள் பாதிப் படம்தான் பார்க்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து, 1975 நவம்பர் 11 அன்று விட்லம் அரசைக் கவர்னர் ஜெனரல் பதவி நீக்கினார். அந்தக் கவர்னர் ஜெனரல் யார்? பண்ணை முதலாளிகளுக்காகச் சம கூலிக்கு எதிராக வாதாடிய அதே ஜான் கெர். பதவி நீக்கத்துக்கான காரணம் வேறு, நாடாளுமன்ற நிதி மசோதா தகராறு. ஆனாலும் யார் யார் எந்தெந்த நாற்காலியில் போய் உட்காருகிறார்கள் என்பதைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. 1976ல் வடக்குப் பிரதேசப் பூர்வகுடி நில உரிமைச் சட்டம் வந்தது. 1986ல் டகுராகு விற்கவோ பறிக்கவோ முடியாத முழு உரிமை நிலமானது. லிங்கியாரி 1988ல் இறந்தார். 2020ல் வேவ் ஹில் பண்ணையின் சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் மீது மக்களின் பூர்வ உரிமையை நீதிமன்றம் ஏற்றது.

இதோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் கடை திரும்பி வந்தது. 2007 ஆகஸ்டில் ரெண்டு விஷயம் நடந்தது. அந்த மக்கள் நடந்த பாதையை ஆஸ்திரேலியத் தேசிய மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அதே மாதம் 'அவசர நடவடிக்கை' என்ற பெயரில் ஒரு சட்டமும் வந்தது. குழந்தைகளைப் பாதுகாக்க என்றார்கள். இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை அதற்காக ஒதுக்கி வைத்தார்கள். வடக்குப் பிரதேசப் பூர்வகுடி ஊர்களில் உதவித்தொகை வாங்குகிறவர்களின் பணத்தில் பாதி முடக்கப்பட்டது. அதை அரசு அனுமதித்த கடைகளில், அனுமதித்த பொருளுக்கு மட்டுமே செலவழிக்க முடிந்தது. 2008ல் அதற்கென்று ஒரு அட்டை வந்தது. டகுராகுவும் அந்த ஊர்களில் ஒன்று. நடந்த பாதைக்குப் பலகை வைத்தார்கள். நடந்தவர்களின் பிள்ளைகளை மறுபடி கடை வாசலில் நிறுத்தினார்கள். ரேஷன் காலம் திரும்பிவிட்டது என்று அங்கே பெரியவர்கள் சொன்னதில் என்ன தப்பு?

தெற்கு ஆஸ்திரேலியாவில் மிண்டபி என்ற சுரங்க ஊரில் ஒரு கடை இருந்தது. கடன் கொடுப்பதற்காக அந்தப் பகுதி அனங்கு மக்களின் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் கடைக்காரரே வாங்கி வைத்துக்கொண்டார். பணம் ஏறியவுடன் எடுத்துக்கொண்டார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019ல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில், இது மனசாட்சிக்கு விரோதமான நடத்தை ஆகாது என்று தீர்ப்பு. அந்த மக்கள் விரும்பித்தானே கொடுத்தார்கள் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் பார்வையில் முக்கியமாக இருந்தது. அடுத்த கடை எத்தனை தூரம் என்பதையும் சேர்த்து எடை போட்டால்தானே அது விருப்பமா இல்லையா என்று தெரியும்?

ஒரு பக்கம் இப்படி. மறுபக்கம் பழைய கணக்கு நோட்டுகள் திறந்தன. பறிக்கப்பட்ட கூலிக்காக வழக்குகள். குயின்ஸ்லாந்து அரசு 2019ல் 19 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. மேற்கு ஆஸ்திரேலியா 2023ல் சுமார் 18 கோடி. வடக்குப் பிரதேசத்துக்காக மத்திய அரசு 2024ல் 20 கோடியே 20 லட்சம் டாலர் வரை. 1933 முதல் 1971 வரை உழைத்தவர்களுக்கு. அதில் பெரும்பாலோர் செத்துப் போனார்கள். வாரிசுகளுக்குக் கிடைக்கும். ஆனாலும் ஒரு விஷயம் பதிவாகிவிட்டது. கொடுத்த மாவு தானம் இல்லை. வாங்க வேண்டிய கூலி பாக்கி இருந்தது.

எங்க அப்பாயிக்கு யாரும் பாக்கி கொடுக்கப் போவதில்லை. அந்தச் சின்ன மரக்காலைக் கூட நான் பார்த்ததில்லை. பண்ணை வீடு இடிந்தபோது எங்கேயோ போய்விட்டது. வேவ் ஹில் மக்களிடம் கணக்கு நோட்டு இருந்தது, ஆய்வாளர் எழுதிய அறிக்கை இருந்தது. நம்மிடம் என்ன இருக்கு? கிழவிகள் இருக்காங்க. இன்னும் கொஞ்ச வருஷத்துக்குத்தான் இருப்பாங்க. இங்கே வந்திருக்கிற மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. எந்தப் பண்ணை, எத்தனை மரக்கால், எத்தனை நாள் வேலை, என்ன கொடுத்தான், என்ன கொடுக்காம விட்டான், எந்த நிலம் யார் பேரில் இருந்து யார் கைக்குப் போச்சு, இதையெல்லாம் கேட்டு எழுதுங்க. பெண்களிடம் பெண்கள் போய்க் கேளுங்க. ஆண்களிடம் சொல்லாத கணக்கு ஒண்ணு இருக்கும்.

இத்தனை காலம் கணக்கு எழுதியவன் அவன். இனி நாம எழுதுவோம்.

ஜெய்பீம்.